விலைப்புள்ளியில் மூலப்பொருட் செலவு
லூதியானா, ராஜ்கோட் நகரங்களின் சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்களைக் கடைந்து தருகின்றன. விலைப்புள்ளி தரும்போது அவை கணக்கிட வேண்டியது முடிவுற்ற பாகத்தின் எடையை அன்று. வாங்கும் உருக்கின் எடையையே. 100 மில்லிமீட்டர் நீளப் பாகத்திற்கு, அறுப்பும் முகக் கடைசலும் சேர, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் 105 மில்லிமீட்டர் தேவைப்படின், அதன் எடை ஏறத்தாழ 1.62 கிலோ. பாகம் 1.10 கிலோவே நிற்குமாயின், கழிவாகும் 520 கிராமுக்கும் உருக்கு விலை கொடுத்தாயிற்று. கழிவை விற்றுக் கிடைக்கும் சொற்பத் தொகையை மட்டுமே கழிக்கலாம். 2017 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு, சேவை வரியில் திரும்பப் பெறத்தக்க தொகையைச் செலவில் சேர்த்தலாகாது. உருக்கு விலை மாறுமாதலின், விலைப்புள்ளி செல்லும் காலத்தையும் குறித்தல் வேண்டும். இக்கணக்கு தவறினால், இழப்பு இறுதியில் தொழிலாளியின் கூலியில்தான் விழும்.