எந்த ஸ்பூன், சார்?

(சிதம்பரத்தில் பள்ளி மன்றப் பொறுப்பாசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசிய பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஏதாவது ஒன்றுக்கு நீங்கள் பொறுப்பாசிரியர். சிலருக்கு ஒன்றுக்கு மேல் சேர்ந்து தலையில் இருக்கும். அதனால் இவற்றின் நோக்கங்களை நான் சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் நல்ல தண்ணீரும் இல்லை. அப்போது குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். பள்ளி திறந்தும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாள் வரவில்லை. பாட்டிக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தார்.

"ஏன்டா, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்திருக்கலாமே? ஜே.ஆர்.சி. வினாடி வினாவுல நீதானே முதல் பரிசு?" என்றேன்.

"நெனச்சேன் சார். அரை ஸ்பூன் உப்புன்னு தெரியும். எந்த ஸ்பூன், சார்? எங்க வீட்ல கரண்டிதான் இருக்கு. தப்பாக் கலந்துட்டா என்ன ஆவுமோன்னு விட்டுட்டேன்."

அந்தப் பரிசைக் கொடுத்தது நான். வினாத்தாள் எழுதியதும் நான். ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு என்று கரும்பலகையில் எழுதியவன், ஒரு நாளும் சொம்பில் கலந்து காட்டியதில்லை. பையன் பயந்ததும் நியாயம்தான். உப்பு கூடினால் கெடுதல்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடியைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் 5 மில்லி கோடு வரை ஒரு தேக்கரண்டி. ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை மூடி இல்லை, அரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது இரண்டரை மில்லி. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தவறினார்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து ஒவ்வொருவரும் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காத நாளுக்குத்தான் இது.

பிறகு தெருக் கணக்கு எடுத்தோம். எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யார் தனியாக இருக்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். 2015 நவம்பர் மழையில் பரவனாறு பெருகியபோது, பக்கவாதம் வந்த தாத்தா ஒருவர் பின்கட்டில் படுத்திருப்பதை மீட்க வந்தவர்களிடம் சொன்னது அந்த நோட்டை வைத்திருந்த பெண். பிள்ளைகள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. இறக்கவும் கூடாது, அதில் நான் கண்டிப்பு.

பரங்கிப்பேட்டைப் பக்கம் மாறுதலாகி வந்தபின் சாரணர் புத்தகத்தை வைத்து முடிச்சுப் பாடம் நடத்தினேன். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே இருந்தான். கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தேன். நான் படம் பார்த்துப் போட்டதை அவன் வெளியே பார்த்துக்கொண்டே போட்டான். கணக்கில் பின்தங்கியவன் என்று நான் குறித்து வைத்திருந்த பையன். அன்று முதல் முடிச்சுக்கு அவன்தான் ஆசிரியர்.

மரம் நடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருடம் நட்ட குழியிலேயே இந்த வருடமும் நட்டுப் புகைப்படம் எடுக்கிற வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. பிச்சாவரம் பக்கத்தில்தான் இருக்கிறது. அழைத்துப் போய்க் காட்டுங்கள். அங்கே அழிந்த சதுப்புக் காட்டை மீட்டபோது முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழிசெய்தார்கள். கன்று அதற்குப் பிறகுதான்.

நேரம் எங்கே என்பீர்கள். நானும் கணக்கு ஆசிரியர்தான். பத்தாம் வகுப்புத் தேர்வைச் சொல்லி மன்றப் பாடவேளையை எத்தனையோ முறை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை.