செலவைக் கணக்கிடும் சீடத்துவம்

 

தியாகமும் இறைச்சித்தமும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இந்தப் பொருளில் புகழுரைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆய்வரங்குக்கு அவை போதா. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்கிறார். சிலுவையைச் சுமக்க அழைத்த கையோடு அவர் கேட்ட கேள்வி அது. ஆகவே கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அன்று. யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், யார் கேட்டு வாங்கினார்கள் என்று பார்ப்பதே நம் வேலை.

நமக்கு அறிமுகமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு ஜெர்மானிய மிஷனரிகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் தளபதி ஹாசியுஸ் அவரைக் கோட்டையில் சிறைவைத்தார். கடன் வழக்கு ஒன்றில் தமிழ் விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசியது அந்தச் சிறைவாசத்துக்கு இட்டுச் சென்றது. சிறையை அவர் தேடிப் போகவில்லை; செய்யவேண்டியதைச் செய்தார், சிறை வந்தது. சுமார் நான்கு மாதம் கழித்து வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே முழுமையாக அச்சேறியது.

துன்பத்தைத் தேடாமல், கெத்செமனேயில் பாத்திரம் நீங்கட்டும் என்று வேண்டிய இயேசுவின் சீடர்கள் நாம். துன்பத்தின் அளவு தியாகத்தின் அளவுகோல் ஆகாது. எந்த நோக்கத்துக்காக என்பதே அளவுகோல். முதற்பாடம் இது.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கசக்கும். சீகன்பால்குவை வருத்தியவர்கள் கோட்டைக்காரர்கள் மட்டுமல்லர். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய நூலை, அவருக்கு ஆதரவாயிருந்த ஹாலே நகரத்து ஃபிராங்கேயே அச்சிடத் தகாதது என்று ஒதுக்கினார். 1867-இல்தான் அது நூலானது. கடைசி ஆண்டுகளில் கோபன்ஹேகன் மிஷன் செயலர் வெண்ட், கட்டடம் எதற்கு, செலவு எதற்கு, அப்போஸ்தலரைப் போல எளிமையாக வாழக் கூடாதா என்று கடிதம்மேல் கடிதம் எழுதினார். தரங்கம்பாடியைக் கண்ணாலும் காணாதவர் அவர். 1719-இல், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார்.

ஒருவர் தானாகக் கொடுப்பது தியாகம். மேசைக்குப் பின்னால் அமர்ந்துகொண்டு அடுத்தவருக்கு விதிப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. வெண்டைக் குறை சொல்வது எளிது. சம்பளம் கேட்கும் உபதேசியாரிடமும், ஓய்வு கேட்கும் செவிலியரிடமும், “இது ஊழியம் அல்லவா?” என்று சொல்லி வாயடைக்கும்போது, நம் நிறுவனங்களும் அதே கடிதத்தைத்தான் எழுதுகின்றன. இறைச்சித்தம் நிர்வாகத்தின் சிக்கனத்துக்குச் சாட்சி சொல்ல வரக் கூடாது.

மூன்றாவதாக, பேரேட்டில் விடுபட்டவர்கள். சீகன்பால்குவின் மனைவி மரியா டொரோத்தேயா, ஞானஸ்நானம் பெற்றதால் சொந்த வீட்டாரின் எதிர்ப்பைச் சந்தித்த கணபதி வாத்தியார், 1733-இல் தமிழரில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன் ஆகியோர் கொடுத்த விலை என்ன? வந்தவரின் தியாகத்தை நூல்நூலாக எழுதியிருக்கிறோம். உடனிருந்தவரின் தியாகத்துக்கு அடிக்குறிப்பே மிச்சம்.

கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வேதப் பகுதியை எடுத்தாலும் மிஷன் ஆவணத்தை எடுத்தாலும், கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா, கொடுக்கவைக்கப்பட்டாரா என்ற கேள்வியைத் தவறாமல் எழுப்புங்கள். விடை நம் சபைகளுக்குச் சங்கடமாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவில் என் உரையை நிறைவு செய்து, கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.