வந்தது, ஆனால் மறுபடி வரவில்லை: இன்டரப்ட் கோளாறுகள் குறித்த மாநாட்டுத் தலைமை உரை



கணினிக்குச் சொந்தமாக விரிவாக்க கார்டு வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முகவரி டீகோடர் ஒழுங்காக இருக்கும். ரெஜிஸ்டரில் எழுதியது அப்படியே திரும்பி வரும். இன்டரப்ட் மட்டும் வராது. அல்லது ஒருமுறை வந்துவிட்டு, பிறகு எத்தனை நேரம் காத்திருந்தாலும் வராது. இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதில் சிக்னல் பிராசஸரை எட்டவே இல்லை. இரண்டாவதில் எட்டியது, ஆனால் 'கவனித்தாயிற்று' என்று யாரோ யாருக்கோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். இந்த மாநாடு இரண்டாவதற்கே கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது தலைமையின் உறுதியான கருத்து.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8259ஏ சிப் ஒன்று, எட்டு இன்டரப்ட் லைன்களைக் கவனித்துக்கொண்டது. 1984-இன் ஏடி மாடலில் இரண்டாவது சிப் சேர்ந்தது. அதை முதல் சிப்போடு இணைக்கவே ஒரு லைன் செலவானதால் பதினைந்துதான் மிஞ்சின. எண்ணிக்கையைவிட முக்கியமானது, அந்த லைன்கள் இயங்கிய விதம். அந்தக் கணினிகளில், லைன் உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்து 8259 புதிய கோரிக்கை எதையும் பதிவு செய்யாது. தாழ்விலிருந்து உயர்வுக்குத் தாவினால்தான் பதிவு செய்யும்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள சீரியல் போர்ட்டைவிடச் சிறந்த பாடம் கிடையாது. 8250 யூஆர்ட் சிப்பில் எழுத்து வந்தது, அனுப்ப இடம் காலியானது, பிழை நேர்ந்தது, மோடம் நிலை மாறியது என நான்கு வகைக் காரணங்கள் ஒரே லைனில் சேர்கின்றன. டிரைவர் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று எழுந்தால் லைன் தாழவே தாழாது. டிரைவர் முதல் காரணத்தோடு திரும்பிவிட்டால், லைன் உயர்ந்தபடியே நிற்கும், தாவல் இல்லை, எனவே அடுத்த இன்டரப்ட்டும் இல்லை. 'நிலுவையில் ஏதும் இல்லை' என்று சிப் சொல்லும்வரை டிரைவர் சுற்றிச்சுற்றிக் கேட்க வேண்டும். மேசையில் மெதுவாகச் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. இரு திசையிலும் தரவு வேகமாக ஓடும்போதுதான் போர்ட் செத்துப்போகும்.

அதே சிப்பில் முதல் வகைக் கோளாறும் ஒளிந்திருக்கிறது. பிசியின் சீரியல் கார்டில், 8250-இன் அவுட்2 கால்தான் இன்டரப்ட்டை பஸ்ஸுக்கு விடும் கதவைத் திறக்கிறது. மோடம் கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் அந்த பிட்டை எழுதாதவரை, சிப்பின் காலில் ஆசிலாஸ்கோப் சிக்னலைக் காட்டும், ஸ்லாட்டில் காட்டாது. ஆகவே ஒரே இடத்தில் அளந்து முடிவுக்கு வருவது வீண். சிப்பின் கால், ஸ்லாட்டின் முனை, 8259-இன் உள்ளீடு என மூன்றிலும் அளக்க வேண்டும். இன்னோர் எச்சரிக்கை: டீபக்கரில் ரெஜிஸ்டர்களைச் சும்மா படித்துப் பார்ப்பதும் ஆபத்துதான். 8250-இன் இன்டரப்ட் அடையாள ரெஜிஸ்டரைப் படித்தாலே 'அனுப்ப இடம் காலி' என்ற கோரிக்கை அழிந்துவிடும்.

லைனை ஒரு குறும் துடிப்பாக மட்டும் உயர்த்தும் கார்டுகள் வேறொரு குழப்பத்தைக் கிளப்புகின்றன. பிராசஸர் ஏற்கும் முன்பே லைன் தாழ்ந்துவிட்டால், எந்த லைன் அழைத்தது என்று 8259-க்குத் தெரியாது. ஏழாம் எண்ணைக் கொடுத்துவிடும். கார்டு ஐந்தாம் லைனில் இருக்க, ஏழில் இன்டரப்ட் வருகிறது என்று தவிப்பவர்கள் இன்-சர்வீஸ் ரெஜிஸ்டரின் ஏழாவது பிட்டைப் பார்க்கட்டும். அது பூஜ்யமாக இருந்தால் வந்தது போலி. அதற்கு, 'கவனித்தாயிற்று' என்று 8259-க்குச் சொல்லும் முடிவுக் கட்டளையையும் அனுப்பக் கூடாது.

பின்னர் வந்த பிசிஐ பஸ் தாவலைக் கைவிட்டு மட்டத்தை எடுத்துக்கொண்டது. கார்டு லைனைத் தாழ்த்திப் பிடித்திருக்கும்வரை அழைப்பு நீடிக்கும். பல கார்டுகள் ஒரே லைனைப் பகிரலாம். ஆனால் கார்டு லைனை விடாவிட்டால் முழுக் கணினியும் திணறும். ஒரு லைனில் வரும் ஒரு லட்சம் இன்டரப்ட்டுகளில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால் லினக்ஸ் அந்த லைனையே மூடிவிடுகிறது. கார்டு நன்றாக இருந்தும்கூட வெற்று அழைப்புகள் வருவதுண்டு. இன்டரப்ட்டை அழிக்க டிரைவர் எழுதியது வழியிலுள்ள பாலச் சிப்பின் (பிரிட்ஜ்) பஃபரிலேயே தங்கியிருக்க, டிரைவர் திரும்பிவிடுகிறது. லைன் இன்னும் தாழ்ந்தே இருப்பதால் அழைப்பு மீண்டும் வருகிறது. எழுதிய கையோடு அதே கார்டிலிருந்து ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால், பஃபரில் தங்கியது முன்னே தள்ளப்பட்டுவிடும்.

எம்எஸ்ஐ எனும் செய்திவழி இன்டரப்ட் முறை வந்தபின் லைனே இல்லை. இன்டரப்ட் என்பது ஒரு நினைவக முகவரியில் கார்டு எழுதும் தரவு. பஸ் மாஸ்டர் பிட்டை இயக்க மறந்தால் அதுவும் போகாது. எஃப்பிஜிஏ கொண்டு கார்டு செய்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

கட்டுரை வாசிக்கவிருப்போரிடம் தலைமை வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. சரியாக ஓடும் கார்டின் சர்க்யூட் படத்தோடு நிறுத்திவிடாமல், ஓடாத பதிப்பின் படத்தையும், அது நின்றுபோன கணத்தில் லாஜிக் அனலைசர் பதிவு செய்ததையும், இன்டரப்ட் லைனும் அதை அழிக்க ரெஜிஸ்டரில் எழுதும் செயலும் ஒரே திரையில் தெரியும்படி, அவையின் முன் வையுங்கள்.