அரசகுலத்தார் எழுதிய படங்கள்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மேடையேறிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, சரக்குக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதிக் காலங்கழிக்கும் எளியேனை அழைத்து, 'ஓவியத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும்' என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஊரிலிருந்து உறவினர் எவர் வந்தாலும் அவர்களை ஜகன்மோகன அரண்மனைச் சித்திரசாலைக்கு அழைத்துச் செல்பவன் என்று நான் பெயர் வாங்கியிருப்பதே அதற்குக் காரணமாதல் வேண்டும். அக்ரஹாரத்தில் குடியிருப்பவனுக்கு அது நடந்துபோகும் தொலைவுதானே! சாமுண்டி மலையையும் பிருந்தாவனத்தையும் காட்டப் பேருந்துக்குக் காசு வேண்டும். சித்திரசாலைக்கு நுழைவுச்சீட்டு ஒன்றே போதும்.

வருகின்ற விருந்தினர் யாவரும் முதலில் கேட்பது, கையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் படத்தைத்தான். அதன் முன்னே நின்றவுடன், 'ஆகா, இரவிவர்மா இரவிவர்மாதான்!' என்று வியப்பார்கள். அது இரவிவர்மா எழுதியதன்று. எஸ். எல். ஹல்தன்கர் என்னும் மராட்டிய ஓவியர் நீர்வண்ணத்தில் எழுதியது. இரவிவர்மா 1906-இலேயே மறைந்துவிட்டார். இப்படம் அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பின்னர் பிறந்தது. இதை நான் எடுத்துச் சொன்னால், சிலருடைய முகம் சற்றே வாடுகிறது. படம் அதேதான், விளக்கொளியும் அதேதான். பெயர் மாறியதும் கண்ணுக்கு ஏன் சுவை குறைகிறது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த வினாவிலிருந்தே எழுந்தது. அரசகுலத்தில் பிறந்தவர் தூரிகை எடுத்தால், நாம் பார்ப்பது படத்தையா, படத்தின் கீழுள்ள பெயரையா?

மன்னர் ஓவியராதல் தமிழருக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் பூண்ட பட்டங்களுள் 'சித்திரகாரப்புலி' என்பதும் ஒன்று. ஓவியருள் புலி என்பது அதன் பொருள். ஆயினும் 'இது மகேந்திரன் கைப்பட எழுதியது' என்று துணிந்து காட்டத்தக்க படம் ஒன்றேனும் இன்று இல்லை. பட்டம் கல்லில் நின்றது, படம் மறைந்தது.

நம் சித்திரசாலையை அணிசெய்யும் இரவிவர்மாவின் கதைக்கு வருவோம். அவர் 1848-இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர். கிளிமானூரார் முடிசூடி நாடாண்டவர் அல்லர். திருவிதாங்கூர் அரசகுலப் பெண்களுக்கு மணமகன்களைத் தந்த குடும்பத்தார். அக்குடும்பத்தில் பலருக்கும் ஓவியப் பித்து இருந்தது. இரவிவர்மாவின் மாமன் இராஜராஜ வர்மா பொழுதுபோக்காகப் படம் எழுதியவர். அவருக்குக் கற்பித்தவர் யார் தெரியுமா? சுவாதித் திருநாள் அரசவையை அணிசெய்த நம் மதுரை அழகிரி நாயுடு என்பார். சுவரில் கரியால் கிறுக்கிய மருமகனை வேலைக்காரர்கள் வைதபோது, மாமன் ஒருவரே அக்கிறுக்கலில் கலையைக் கண்டார் என்பர். பையனுக்குப் பதினான்கு வயதானபோது, அவரே அவனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் விட்டார். மாமன் எழுதிய படங்களை இன்று எத்தனை பேர் அறிவர்? ஆயினும் அவர் தமக்காகக் குழைத்த வண்ணம் வீண்போயிற்று என்று எவரும் சொல்லத் துணியார்.

இரவிவர்மா மாமனின் வழியிலேயே நின்றிருக்கலாம். உயர்குடியினர் விளையாட்டாக எழுதினால் பாராட்டு. அதனையே பிழைப்பாகக் கொண்டால் இழிவு. இதுவே அக்காலத்து வழக்கு. அவரோ கூலி பெற்றுப் படம் எழுதினார். பரோடா மன்னருக்குப் புராணப் படங்கள் எழுதிக்கொடுத்தார். பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து, இலட்சுமியையும் சரசுவதியையும் ஏழை வீட்டுச் சுவர்வரை கொண்டுசேர்த்தார். 1885-இல் சாமராஜேந்திர உடையார் அழைக்க, இவ்வூருக்கும் வந்து அரச குடும்பத்தாரின் உருவங்களை எழுதினார். பின்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர் அரண்மனைக்காக ஒன்பது படங்கள் எழுத ஒப்புக்கொண்டார். அந்தப் பணி நடந்துகொண்டிருந்த காலத்தில், 1905 சனவரியில், உடன் உழைத்த தம்பி இராஜராஜ வர்மா இறந்தார். மாமன் பெயரையே தாங்கிய இத்தம்பி அண்ணனைவிடப் பன்னிரண்டு ஆண்டு இளையவர். இயற்கைக் காட்சிகளில் தேர்ந்த கை அவருடையது. அண்ணன் படங்கள் பலவற்றில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது. விருந்தினரை அப்படங்களின் முன் நிறுத்தும்போதெல்லாம், 'முன்னால் நிற்கும் ஆட்களை மட்டும் பாராதீர். பின்னால் உள்ள மரத்தையும் வானத்தையும் பாரும்' என்று நான் சொல்வதுண்டு.

இவர்களுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். மங்களாபாய் தம்புராட்டி என்பது அவள் பெயர். அவளும் ஓவியம் வல்லவள். அண்ணனின் உருவத்தையே சிறப்புற எழுதியவள். அண்ணன்மார் புகைவண்டியேறிப் பம்பாய்க்கும் பரோடாவுக்கும் மைசூருக்கும் சென்றார்கள். உயர்குலத்துப் பெண்ணுக்கு அவ்வாறு ஊர் ஊராய்ச் சென்று படம் எழுதிப் பொருளீட்டும் வழி அக்காலத்தில் இல்லை. இரவிவர்மாவைப் பற்றி நூல் பல உள; தங்கையைப் பற்றி அவற்றில் சில வரிகளே காணக்கிடைக்கின்றன. பிறப்பால் வந்த பெருமை அண்ணனுக்குக் கதவைத் திறந்தது. தங்கைக்கோ அதுவே தாழ்ப்பாளாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு என் தமக்கையின் நினைவு வந்தது. எங்கள் குடும்பம் அரச குடும்பமன்று. பாட்டனார் காலத்தில் தஞ்சைச் சீமையிலிருந்து வேலை தேடி வந்த குடும்பம். அக்கா பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் எழுதுவாள். கொல்லைப்புறத்து முருங்கை மரம், தூங்கும் பூனை, காப்பிக்கொட்டை அரைக்கும் அம்மா, எல்லாம் பென்சிலில். மணமாகிச் சென்றபின் கோலத்தைத் தவிர வேறொன்றும் எழுதியதாக நான் அறியேன். 'ஏன் அக்கா விட்டுவிட்டாய்?' என்று ஒருமுறை கேட்டேன். 'யார் பார்க்கப்போகிறார்கள், தம்பி?' என்றாள். அந்த நோட்டு இன்றும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

நிற்க. கடல் கடந்த நாடுகளில் அரசர்கள் இதில் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்று பார்த்தால், வியப்பான செய்தி ஒன்று கிடைக்கிறது. இப்போது இங்கிலாந்தின் மன்னராக இருக்கும் மூன்றாம் சார்லசு நெடுங்காலமாக நீர்வண்ணப் படங்கள் எழுதிவருபவர். இளவரசராக இருந்த காலத்தில், 1987-இல், இலண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிக்குத் தம் படம் ஒன்றை அனுப்பினார். எப்பெயரில்? 'ஆர்தர் ஜார்ஜ் கேரிக்' என்ற பெயரில்! ஆர்தரும் ஜார்ஜும் அவருடைய நீண்ட பெயரின் உறுப்புகள். கேரிக் என்பது அவருடைய பட்டங்களுள் ஒன்றிலிருந்து எடுத்தது. படம் தேர்வாயிற்று. டென்மார்க்கு நாட்டு அரசி இரண்டாம் மார்கிரெத்தே, டோல்கீன் என்பாரின் பெருங்கதைக்கு எழுதிய படங்கள் 1977-இல் வெளிவந்தபோது, ஓவியர் பெயர் 'இங்காகில்டு கிராத்மர்' என்றிருந்தது. மார்கிரெத் என்பதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் கிராத்மர் வரும். 2024 சனவரியில் தாமே முடிதுறந்த அரசி இவர்.

இத்தகையோர் ஏன் பெயரை மறைத்தார்கள் என்று நான் பலநாள் எண்ணியிருக்கிறேன். அரசர் எழுதியது என்று தெரிந்தால் எவனும் குறை சொல்லான். குறை சொல்வார் இல்லாதவன் தன் கை நேரானதா கோணலா என்று எப்படி அறிவான்? நமக்கு வாய்த்த இந்த ஒரு பேறு, பாவம், அவர்களுக்கு வாய்க்கவில்லை! நம் ஜயசாமராஜேந்திர உடையாரை எண்ணிப் பாருங்கள். அவர் தூரிகை பிடித்தவர் அல்லர்; இசை வல்லவர். தாம் இயற்றிய தொண்ணூற்று நான்கு கிருதிகளிலும் அவர் வைத்த முத்திரை 'ஸ்ரீவித்யா' என்பது. மகாராஜா என்ற பெயரை அவர் பாட்டுக்குள் நுழையவிடவில்லை.

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு நானும் ஒரு படம் கொடுத்தேன். எங்கே என்பது வேண்டாம். அக்காவின் நோட்டைப் பார்த்துப் பார்த்து நானே பழகிய கை என்னுடையது. விடியற்காலையில் நடைமேடையில் மூட்டைமேல் தலைவைத்து உறங்கும் ஒரு கிழவரை எழுதியிருந்தேன். வாங்கியவர், 'என்ன உத்தியோகம்?' என்று கேட்டார், 'கிளார்க்' என்றேன். படம் மிதிவண்டி நிறுத்தும் இடத்தருகே கதவின் பின்புறம் மாட்டப்பட்டது. கூடத்தின் நடுவே, மலர்மாலையுடன், பெரிய அதிகாரி ஒருவர் எழுதிய மலைக்காட்சி இருந்தது. அதனைப் பழிப்பதற்கில்லை, நல்ல படமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதனை நான் சரியாகப் பார்க்கவே இல்லை; மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி வந்தால் எழுந்து நிற்கும் வழக்கம் கண்ணுக்கும் வந்துவிட்டது போலும்!

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் படம் எழுதுவோர் பலர் உளர் என்பதை நான் அறிவேன். நோட்டை மூடிவைத்திருக்கும் தாய்மார்களும் உளர். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களுடைய படங்களை வைக்கவேண்டும். படத்தின் கீழே பெயரும் வேண்டாம், பதவியும் வேண்டாம். எண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்குரிய பெயர்களைச் செயலாளர் ஓர் உறையிலிட்டு ஒட்டி, விழா முடிந்தபின் பிரிக்கட்டும். மாட்டும் இடத்தையும் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யவேண்டும். ஆணி அடிக்கும் வேலையையும் கயிறு கட்டும் வேலையையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

நானும் ஒரு படம் தருவேன். என் அக்காவும் ஒன்று தர இசைந்திருக்கிறாள். சென்ற வாரம் தொலைபேசியில் அரைமணி நேரம் வாதாடி இசையவைத்தேன். எது யாருடையது என்று எங்களிடம் கேட்காதீர்கள்.