அசையாது நின்ற கணினி

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

இம்மேடையில் வழக்கமாகச் சமயமும் இலக்கியமும் பேசப்படும். அவற்றுக்கிடையே கணினியைப் பற்றிப் பேச எம்மை அழைத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. எமது காரியாலய அறையில் ஒரு பிழை நடந்தது. அதைச் செய்தவர்கள் நாமே. ஆகையால் பிறருக்குப் புத்தி சொல்ல வந்தவர்களாக அன்றி, கணக்கு ஒப்புவிக்க வந்தவர்களாகவே இங்கு நிற்கின்றோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஆண்டு மலரை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் மாலை, சங்கக் கணினி இற்றைப்படுத்தலைத் தொடங்கியது. இற்றைப்படுத்தல் என்பது எல்லோரும் அப்டேற் என்று சொல்லும் அதே சங்கதிதான். திரையில் வட்டம் சுற்றியது. 27 வீதம் என்று காட்டி, அங்கேயே நின்றது. கால் மணித்தியாலம் பொறுத்தோம். அரை மணித்தியாலம் பொறுத்தோம். "இது செத்துப்போச்சுது" என்றார் எம்மில் ஒருவர். மற்றொருவர் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி போட்டபோது விண்டோஸ் எழும்பவில்லை. திருத்திப் பார்க்கிறேன் என்று ஓர் அறிவிப்பு, பின்னர் கறுப்புத் திரை, மீண்டும் அதே அறிவிப்பு. இரவு எட்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்கு ஓடினோம். "அவசரம், எப்படியாவது ஓடப்பண்ணித் தாருங்கள்" என்று கேட்டோம். கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார். கணினி ஓடியது; வன்தட்டு வெறுமையாயிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

மலரின் பக்கங்கள் ஓர் உறுப்பினரின் மின்னஞ்சலிற் கிடந்தபடியால் தப்பின. தப்பாதது வேறொன்று. சங்கத்தின் தொடக்ககாலத்தை நேரிற் கண்ட மூத்தவர் ஒருவர், நான்கு மாலைகள் எம்முடன் இருந்து சொன்னவற்றைக் குரற்பதிவாக அந்தக் கணினியில் வைத்திருந்தோம். வேறு பிரதி இல்லை. அவரோ அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். ஆண்டுத் திவசத்தின்போது அப்பாவின் குரலைக் கேட்கலாமா என்று அவருடைய மகள் சங்கத்துக்கு வந்து கேட்டார். அவருக்கு நாம் என்ன மறுமொழி சொன்னோம் என்பதை இங்கே எடுத்துரைக்க மனம் வரவில்லை.

பின்னர் ஆறுதலாக இருந்து ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. அந்தக் குரலை அழித்தது இற்றைப்படுத்தல் அன்று. பிளக்கைப் பிடுங்கிய பின்னருங்கூட அது வன்தட்டில் பத்திரமாகவே இருந்திருக்கும். கடை வாசலில் நாம் காட்டிய அவசரமே அதை அழித்தது.

முதலில், இலக்கம் ஏன் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, அது பாவித்துக்கொண்டிருக்கும் கோப்புக்களை மாற்ற முடியாது. ஓடும் வண்டியில் சில்லு மாற்ற எவராலும் இயலுமோ? ஆதலால் கணினி தன்னை நிறுத்தி, எவரும் உள்ளே நுழையுமுன் பழையவற்றை நீக்கிப் புதியவற்றை வைக்கிறது. திரையிலே தெரியும் வீதம் வேலையின் படிகளைக் காட்டுமேயன்றி நேரத்தைக் காட்டாது. ஒரு படி ஒரு நிமிடத்தில் முடியும். அடுத்த படியில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்கள் இருந்தால், அதுவே ஒரு மணித்தியாலம் எடுக்கும். புதிய கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. தட்டில் விரைவாக முடியும் வேலை, சுழலும் பழைய வன்தட்டில் மாலை முழுவதும் இழுபடும். எமது சங்கக் கணினி பழைய தட்டுக் கணினி. 27 வீதத்தில் அது செத்துக் கிடக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தது என்பதே இப்பொழுது எமது எண்ணம்.

உயிர் இருக்கிறதா என்று அறிவது எங்ஙனம்? பெட்டியின் முன்புறத்தில் வன்தட்டுக்குரிய சிறு விளக்கு இருக்குமாயின், அது மின்னி மின்னி எரிகிறதா என்று பாருங்கள். பழைய தட்டாயின் காதை வைத்துக் கேட்டாலும் கிறுகிறுவென்ற சத்தம் கேட்கும். விசைப்பலகையில் கப்ஸ் லொக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா என்றும் பார்க்கலாம்; ஆனால் இஃது எல்லாக் கணினிக்கும் பொருந்தும் சோதனையன்று. விளக்கு மின்னும்வரை கை வைக்க வேண்டாம். இரவு முழுவதும் ஓடினாலும் ஓடட்டும். விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை, இலக்கமும் மாறவில்லை என்ற நிலை மூன்று மணித்தியாலம் நீடித்தாற்றான் அடுத்த காரியத்தை நினைக்கலாம் என்பது எமது கணக்கு. மடிக்கணினியாயின் சார்ஜரைப் பொருத்தியே வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் கணினி மறுதொடக்கமாகும் வேளையில் நிற்பதைப் பற்றியது. அதற்கு முன்னரே, பதிவிறக்கம் 0 வீதத்தில் அசையாமற் கிடப்பதும் உண்டு. இதிற் பயப்பட ஒன்றுமில்லை. கைத்தொலைபேசியின் டேட்டாவைக் கொண்டு இணையம் பாவிப்பவர்கள், அந்த இணைப்பை அளவுக்கணக்குள்ள இணைப்பு என்று கணினியிற் குறித்திருந்தால், விண்டோஸ் பெரிய பொதிகளைத் தானாக இறக்காது. வன்தட்டு நிரம்பியிருந்தாலும் வேலை நடவாது. இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது: கணினியின் கடிகாரம். தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி செத்துப்போனால், கணினி தன்னைப் பல ஆண்டுகள் பின்னால் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். அப்பொழுது சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அதற்குப் பொய்யாகத் தோன்றும், இணைப்பை மறுத்துவிடும். எமது உறுப்பினர் ஒருவரின் வீட்டில் ஒரு மாதமாக நடவாத அப்டேற், திகதியைச் சரிப்படுத்திய அன்றே நடந்தது.

பதிவிறக்கம் முடிந்து நிறுவுகையில் சிக்கினால், முதலிற் சாதாரணமாக ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். மீண்டும் அதே இடத்தில் நின்றால், இறக்கிய பொதி பழுதாயிருக்கலாம். விண்டோஸ் அப்டேற் சேவையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சொவ்ற்வெயர் டிஸ்ரிபியூசன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றி, சேவையை மறுபடி தொடக்கினால், கணினி அதைப் புதிதாக உண்டாக்கிப் பொதியையும் புதிதாக இறக்கும். விண்டோஸின் சொந்தக் கோப்புக்களே பழுதானால், டிஸ்ம் என்ற கட்டளையை முதலிலும் எஸ்.எப்.சி. என்ற கட்டளையை அடுத்தும் ஓடவிட வேண்டும். அவற்றை எழுதும் முறை நூலக அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இனி, மூன்று மணித்தியாலம் கடந்தும் உயிர்க்குறி இல்லாத கணினிக்கு வருவோம். பிரின்டர், பென் டிரைவ், வெளித்தட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இவற்றில் ஒன்றே இடையூறாய் இருப்பதுண்டு. பின்னர் மின்பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். சற்றுப் பொறுத்து மறுபடி தொடக்குங்கள். விண்டோஸ் தான் செய்யவேண்டிய வேலைகளுக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்றில் விட்ட இடத்திலிருந்து முடிக்கும். அல்லது மாற்றங்களை மீளப்பெறுகிறேன் என்று கூறிப் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் திரும்புதலும் ஒரு வேலைதான். அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

இதற்கும் எழும்பாவிட்டால், இரண்டு மூன்று முறை தொடக்கம் தவறிய பின்னர் நீலநிறத் திருத்தப் பக்கம் தானாக வரும். நாம் கண்டு பயந்தோடிய பக்கம் அதுதான்! அங்கே கடைசியாகப் போட்ட இற்றைப்படுத்தலைக் கழற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பாதுகாப்பு முறையில் தொடக்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது. இடையே 48 இலக்கங்கள் கொண்ட பிற்லொக்கர் திறவுகோலைக் கேட்டாலும் கேட்கும். அஃது இல்லையேல் மறைகுறியாக்கிய தட்டைத் திறக்க எவராலும் முடியாது, கடைக்காரராலும் முடியாது. ஆகையால் கணினி நன்றாக இருக்கும் நாளிலேயே அதனைத் தாளில் எழுதி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

எல்லாம் தவறினாலும், விண்டோஸைப் புதிதாகப் போடுமுன் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தியோ, பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கியோ கோப்புக்களைப் பிரதி எடுக்கலாம். திறமையான திருத்துநருக்கு இஃது ஒரு மாலை வேலை. "எங்கள் கோப்புக்களை முதலில் எடுத்துத் தாருங்கள், பிறகு எதையும் செய்யுங்கள்" என்று அன்றிரவு ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

இங்கே பெரியவர் ஒருவர் கேட்கக்கூடும்: "தம்பிமாரே, இத்தனை தொல்லை எதற்கு? இற்றைப்படுத்தலையே நிறுத்திவிட்டால் என்ன?" நியாயமான கேள்விதான். 2017ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொவ்ற் நிறுவனம் ஒரு குறைபாட்டுக்கு இற்றைப்படுத்தல் வெளியிட்டது. அதே ஆண்டு மே 12ஆம் திகதி வன்னகிரை என்ற தீநிரல் அந்தக் குறைபாட்டின் வழியாகவே உலகெங்கும் பரவிற்று. பிரித்தானியாவில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. மருந்து வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியும் அதைப் போடாத கணினிகளே அகப்பட்டன. நிறுத்திவிடுதல் என்பது கள்ளனுக்குக் கதவு திறந்து வைப்பதாகும். விண்டோஸ் 10 பாவிப்பவர்கள், அதற்குரிய வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்ததையும் மனத்திற் கொள்ளவேண்டும். தொல்லை இல்லாமல் ஓடுகிறதே என்று மகிழ்வதற்கில்லை.

எனினும் பிழை எப்பொழுதும் பாவிப்பவர் பக்கமே என்று சொல்லவும் நாம் ஆயத்தமில்லை. 2018 ஒக்டோபர் தொடக்கத்தில் வெளிவந்த விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பு, சிலருடைய சொந்தக் கோப்புக்களையே அழித்தது. மைக்ரோசொவ்ற் சில நாட்களிலேயே அதனை நிறுத்தி, நவம்பர் 13ஆம் திகதி திருத்தி வெளியிட்டது. 2024 யூலை 19ஆம் திகதி கிறவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் இற்றைப்படுத்தல் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. எமது நேரப்படி அது காலை 9.39க்குப் புறப்பட்டது. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மீளப்பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றுக்கு ஆள் நேரில் சென்று, பாதுகாப்பு முறையில் தொடக்கி, பழுதான கோப்பை அழிக்கவேண்டியிருந்தது.

எமது நாட்டுக்குரிய இடையூறு மின்சாரம். 2022 மார்ச் முடிவில் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இதைக் கேட்ட வெளிநாட்டு நண்பர்கள் நாம் கதை விடுவதாக எண்ணினார்கள். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள், பற்றரி நல்ல நிலையிலுள்ள ஒரு யூ.பி.எஸ். இல்லாமல் இற்றைப்படுத்தலைத் தொடங்க வேண்டாம்.

கைத்தொலைபேசியில் இந்தத் தொல்லை குறைவாயிருப்பது ஏன் என்று இளைஞர் ஒருவர் முன்னர் எம்மிடம் கேட்டார். 2016இல் வந்த அன்ட்ரொயிட் 7 தொடக்கம் பல தொலைபேசிகளில் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதிற் புதியது நிறுவப்படும். மறுதொடக்கத்தில் இடம் மாறும். புதியது எழும்பாவிட்டால் பழையதற்குத் திரும்பும். பழைய பாலத்தால் வண்டிகள் போய்க்கொண்டிருக்கப் பக்கத்திலே புதுப்பாலம் கட்டுவது போன்றது இது. சங்கக் கணினியில் இருப்பது ஒரே பாலம்.

ஆகையால் இப்பொழுது நாம் செய்வது என்னவென்றால்: மைக்ரோசொவ்ற் தன் வழக்கமான இற்றைப்படுத்தலை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. எமக்கு அப்பொழுது இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகிவிடும். பெரும் பிழை இருந்தால் வெளியே தெரியட்டும் என்று ஒரு வாரம் இடைநிறுத்தி வைக்கிறோம். அடுத்து வரும் ஞாயிறு மாலை எல்லாக் கோப்புக்களையும் இரண்டு வெளித்தட்டுக்களிற் பிரதி எடுத்து, ஒன்றை நூலக அலுமாரியிலும் மற்றதைப் பொருளாளர் வீட்டிலும் வைக்கிறோம். அதன் பிறகே பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம். மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் தொடுவதேயில்லை.

அந்த மூத்தவரின் பேச்சை மேடையில் கேட்டவர்கள் சிலர் இச்சபையில் இருக்கிறீர்கள். உங்களில் எவருடைய தொலைபேசியிலாவது, பழைய நாடாவிலாவது அவர் குரல் ஒரு நிமிடமேனும் இருந்தால், தயவுசெய்து ஞாயிறு மாலை கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அப்பொழுதே கையிற் தந்துவிடுவோம். தங்கள் வீட்டுக் கணினிக்குப் பிரதி எடுக்க விரும்பும் உறுப்பினர்களும் அன்றே வரலாம். சார்ஜரையும் அதன் வயரையும் மறவாமல் எடுத்துவாருங்கள்.