கொடையாளர் பதிவேடு பேசும் செய்தி



ஆலயத் திருப்பணிக்குப் பெருந்தொகை வேண்டும் என்றவுடன், "நம்மவருள் செல்வர் யார்?" என்ற வினாவே முதலில் எழுகின்றது. "நம்மிடம் பற்றுடையவர் யார்?" என்பதே முதலில் எழ வேண்டிய வினா. அதற்குரிய விடை நம் பழைய ரசீதுப் புத்தகங்களில் இருக்கின்றது. அதனை இக்காலத்தார் தரவு என்பர். கலிப்பாவின் உறுப்பாகிய தரவைக் கற்பித்து வந்த எனக்கு, இச்சொல்லின் புதுப்பொருளைக் கற்பித்தவர்கள் என் மாணவர்களே.

பத்தாண்டு ரசீதுகளையும் கணினியில் அட்டவணையாக்க வேண்டும். தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் இனிஷியல் மாறியும் சிதறிக் கிடக்கும் ஒரே குடும்பத்தை முதலில் ஒன்றுசேர்க்க வேண்டும். உழைப்பு மிகுதியும் இதற்கே செல்லும். பின்னர், கடைசியாகக் கொடுத்தது எப்போது, எத்தனை முறை, எவ்வளவு என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பத்தாண்டுக்கு முன் ஒரே முறை 50,000 ரூபாய் ஈந்தார். மற்றொருவர் ஆண்டுதோறும் 2,000 ரூபாய் தவறாது ஈந்து வருகிறார் என்று கொள்வோம். மொத்தத் தொகையை மட்டும் நோக்கினால் முன்னவரே மேலே நிற்பார். நான் முதலில் படியேறுவது பின்னவர் இல்லத்திற்கே.

எதற்காக ஈந்தார் என்பதும் இன்றியமையாதது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். ஆண்டுதோறும் மாணவர் உதவிக்கே ஈபவரிடம் கோபுரத் திருப்பணிக்குக் கேட்டுச் செல்வது அவர் உள்ளத்தை அறியாத செயலாகும்.

இப்பதிவு முறை நமக்குப் புதிதன்று. போளூரை அடுத்த திருமலையில், குந்தவை ஜினாலயத்திற்கு வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை அளித்த கொடையை முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு கூறுகின்றது. விளக்கிற்கு 20 காசு, திருவமுதிற்கு 10 காசு. பெயர், ஊர், தொகை, நோக்கம் ஆகிய நான்கும் அதில் உள. அவ்வம்மையாரின் சொத்து எவ்வளவு என்று கல் கூறவில்லை.

அந்த எல்லையைக் கடந்தோர் பட்டதையும் கூறுகிறேன். இங்கிலாந்தில் விலங்கு நலம் பேணும் ஆர்.எஸ்.பி.சி.ஏ. அமைப்பும், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனும் தம் கொடையாளர்க்குத் தெரியாமலேயே, வேறு நிறுவனங்களைக் கொண்டு அவர்தம் செல்வநிலையை ஆராய்ந்தன. 2016 டிசம்பரில் தகவல் ஆணையர் முன்னதற்கு 25,000 பவுண்டும் பின்னதற்கு 18,000 பவுண்டும் தண்டம் விதித்தார். அடுத்த ஏப்ரலில் மேலும் 11 அறநிறுவனங்கள் தண்டம் பெற்றன. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இருக்கட்டும், எவர் வீடு கட்டினார், எவர் மகன் அமெரிக்காவில் என்ன ஊதியம் பெறுகிறான் என்பவற்றை எழுதி வைத்தோம் என்று தெரிந்தால், நாளை எந்த முகத்துடன் அவர்கள் வாயிலில் நிற்போம்?

ஆகவே, அட்டவணையில் நம்மிடம் அவர்களே தந்த செய்தி மட்டும் இருக்கட்டும். அறங்காவலர் இருவர் பொறுப்பில் அது இருக்கட்டும். "இவ்வாண்டு இயலாது" என்றவர் பெயருக்கு எதிரே அதனையும் குறித்துவிட்டால், மற்றொருவர் சென்று மீண்டும் கேட்கும் சங்கடம் நேராது. ரசீதுகளின் அடிக்கட்டைகள் அலுவலக பீரோவில் உள்ளன. கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் முன்வந்தால், பெயர்களைச் சரிபார்க்க நானும் உடன் அமர்வேன்.