ஒரு தாளும் ஒரு பகடையும்



இளமையில் நாம் அரசனாகவும் கள்வனாகவும் நடித்து விளையாடியிருக்கிறோம். "உன்னைச் சுட்டுவிட்டேன்" என்பான் ஒருவன். "குறி தவறிவிட்டது" என்பான் மற்றவன். வழக்குத் தொடங்கும், ஆட்டம் முடியும். அவ்வழக்கைப் பகடையிடம் ஒப்படைத்தால் என்ன?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சாலேயே கதை வளர்க்கும் ஆட்டங்கள் அவ்வாறு அமைந்தவையே. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார், நிகழ்வதைச் சொல்வார். மற்றவர்கள் தாம் செய்வதைச் சொல்வர். முடிவு ஐயமாகும் இடத்தில் மட்டும் பகடை உருளும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974-இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. பின்னர் அதன் விதிகள் பெருநூல்களாகப் பெருகின.

ஒரே மாலையில் ஆடி முடிக்க விரும்புவோர்க்கு எளிய ஆட்டங்களும் உண்டு. ஜான் ஹார்ப்பர் 2013-இல் வெளியிட்ட 'லேசர்ஸ் அண்டு ஃபீலிங்ஸ்' ஒரே தாளில் அடங்குவது. ஆடுவோர் ஒரு விண்கலத்தின் பணியாளர்கள். ஒவ்வொருவரும் 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்வர். அறிவாலும் கருவியாலும் செய்யும் செயலுக்குப் பகடை அவ்வெண்ணுக்குக் கீழே விழவேண்டும். உணர்ச்சியாலும் உறவாலும் செய்வதற்கு மேலே விழவேண்டும். ஒன்றில் வல்லவர் மற்றொன்றில் மெலிந்தவர். மனித இயல்பே ஓர் எண்ணில் அடங்கிவிட்டதல்லவா?

விதி குறைந்தால் நடத்துவது எளிது என்று எண்ணினேன். முதன்முறை ஐந்து மாணவர்களை அழைத்து, கதையை முடிவுவரை எழுதிக்கொண்டு அமர்ந்தேன். அவர்கள் பகைவரோடு பேச விரும்பினர்; நான் போருக்கே இழுத்துச் சென்றேன். ஒரு மாணவி பகடையைத் தொடவேயில்லை. பிரியும்போது, "கதை நன்றாக இருந்தது, ஐயா" என்றாள். அச்சொல் என்னைச் சுட்டது. ஆட வந்தவளைக் கேட்பவளாக்கி அனுப்பிவிட்டேன்!

அடுத்தமுறை முடிவை எழுதவில்லை. இடரை மட்டுமே எழுதினேன். கலத்தில் மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. அருகே நிற்பதோ பகைவர் கலம். அம்மாணவியிடம், "அக்கலத்தில் உனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்; யார் அவர்?" என்று கேட்டேன். சிறிது மௌனம். "என் அண்ணன். நாங்கள் பேசி ஏழாண்டுகள் ஆயின" என்றாள். அனைவரும் நிமிர்ந்து அமர்ந்தனர்.

அவள் எண் 4. கருவியில் வல்லவள், பேச்சில் மெலிந்தவள். ஆயினும் அண்ணனோடு பேசவே துணிந்தாள். பகடை 5 காட்டியது. ஒரு பகடையால் மட்டும் வென்றால், வெற்றியோடு ஒரு சிக்கலும் வரும் என்பது விதி. அண்ணன் காற்றைத் தந்தான். தன் கலத்தாருக்குத் துரோகியானான். அவனை விட்டுச் செல்வதா, உடன் அழைத்துச் செல்வதா? கடைசி அரைமணி நேரத்தை அக்கேள்விக்கே ஒதுக்கினேன். அவர்கள் அழைத்துச் சென்றனர். கதை அன்றே நிறைவுற்றது.

தாளில் விதி குறையும் அளவுக்கு, நடத்துவோரின் செவி கூர்மையாதல் வேண்டும். நீங்களும் ஒரு மாலை நண்பர்களைக் கூட்டி ஆடிப் பாருங்கள். முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பேசாதிருப்பவரிடம் முதற் கேள்வியைக் கேளுங்கள்.